அனுபவம் வேறு, ஆதாரம் வேறு



என் வகுப்பு மாணவன் ஒருவன் காலில் நாய்க்கடிக் காயத்துடன் வந்தான். "ஊசி போட்டாயா?" எனக் கேட்டேன். "தேவையில்லை சேர். மாமாவுக்கும் கடிச்சது. நூல்தான் கட்டினவை, ஒண்டும் நடக்கேல்லை" என்றான். உடனே அவனை வைத்தியசாலைக்கு அனுப்பினேன்.

வைத்தியரின் சொல்லைவிட மாமாவின் கதையை நாம் நம்புவது ஏன்? மாமாவை நமக்குத் தெரியும், புள்ளிவிபரத்திற்கு முகமில்லை. அத்துடன், ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவற்றைக் காரணமும் விளைவுமாக இணைப்பது மனித இயல்பாகும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான் இது.

கடிக்கும் நாய்கள் எல்லாவற்றுக்கும் விசர் இருப்பதில்லை. விசரற்ற நாய் கடித்தால், நூல் கட்டாவிட்டாலும் அந்நோய் வராது. விசர்நாய் கடித்து நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டாலோ மரணம் ஏறத்தாழ நிச்சயம். தப்பியவர் கதை சொல்கின்றார்; இறந்தவர் சொல்ல வருவதில்லை. ஆகவே நம் காதில் விழுவது ஒரு பக்கம் மட்டுமே.

2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து எனக் கூறப்பட்ட பாணியைப் பெறக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அதனைப் பகிரங்கமாக அருந்திய அப்போதைய சுகாதார அமைச்சர் 2021 ஜனவரியில் தொற்றுக்குள்ளானார். எனினும் இதுவும் ஒரு தனிச் சம்பவமே. இதை மட்டும் வைத்து முடிவு கூறுவதும் தவறாகும். தொற்றியோரில் பெரும்பாலானோர் பாணியின்றியே குணமடைந்தனர். எனவே அருந்தியோரையும் அருந்தாதோரையும் ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும்.

அப்படியாயின் அனுபவம் பயனற்றதா? இல்லை. 1885 இல் லூயி பாஸ்ரர், விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது தடுப்பு மருந்தை ஏற்றினார், அவன் பிழைத்தான். அத்துடன் நின்றிருந்தால் அதுவும் வெறும் கதையே. பின்னர் பலருக்கு ஏற்றிப் பெறுபேறுகள் கணக்கெடுக்கப்பட்டன. அனுபவம் கேள்வியை எழுப்பும். விடையை ஆய்வே தரும் என்பது எனது கருத்து.

மாணவர்களே, கட்டுரையில் உதாரணம் எழுதுங்கள். உதாரணத்தையே நிறுவலாகக் கொள்ளாதீர்கள். நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அங்கு ஊசி இலவசம். பரீட்சையில் ஒரு பிழைக்குப் புள்ளிதான் போகும். இதில் உயிரே போகும்.