ஏட்டுக்குத் துணையா, ஏட்டுக்குப் பகையா?



பள்ளிதோறும் பண்ணை அமைத்தால், பாடத்தை வெறுக்கும் பிள்ளையும் பயிரைக் காணப் பள்ளிக்கு வருவான் என்கிறார்கள். பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க 2019-இல் ஒன்றிய அரசும் நெறிமுறை வகுத்தது. நன்று! உழவை இழிவென்போர் அல்லர் நாம். கேள்வி ஒன்றுதான்: அந்த மண்வெட்டி ஏட்டுக்குத் துணையாக வருகிறதா, ஏட்டைப் பறிக்க வருகிறதா?

ஏன் இந்த ஐயம்? சூடு கண்ட பூனை நாம்! 1953-இல் ஆச்சாரியார் தீட்டிய திட்டம் என்ன? சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் நாளுக்கு மூன்று மணி நேரமே படிப்பு. மீதிப் பொழுது பெற்றோர் தொழில்! சலவையாளர் மகன் வெளுக்க, குயவர் மகன் சக்கரம் சுற்ற, பண்ணையாள் மகன் பண்ணையிலேயே கிடக்க! குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது தமிழகம். 1954-இல் காமராசர் முதலமைச்சரானார். திட்டம் குழிக்குள் போயிற்று. 1956-இல் பள்ளியிலே பகலுணவு தந்தார். பசித்த பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்தது மண்வெட்டியன்று, சோறு!

சீர்காழிச் சீமையைப் பாருங்கள். மூன்று வயதுப் பாலகனுக்கு ஞானப்பால் கிடைத்ததாகக் கதை பேசும் ஊர். அந்தக் காவிரிக் கழனியிலே, சேற்றில் பிறந்து சேற்றில் மாண்ட பண்ணையாளுக்குக் கிடைத்ததோ சவுக்கடியும் சாணிப்பாலும்! அவன் பேரனுக்கு நாற்று நடக் கற்றுத்தரவா பள்ளிக்கூடம்? பாடப்புத்தகம் இல்லாமலே அதைப் பாட்டி கற்றுத்தருவாள். பாட்டியால் தரமுடியாததைப் பள்ளி தரட்டும்!

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சம்பாப் பயிர் மூழ்கியது. மழைமானி வைத்து மாணவன் அளக்கட்டும். கடலோரக் கிணற்றில் உப்பேறுவது ஏன் என்று ஆராயட்டும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்ற கணக்கைப் பாத்தியிலே போட்டுப் பார்க்கட்டும். விளைந்த கீரை சத்துணவுக் கூடத்துக்குப் போகட்டும். அதன் பெயர் பண்ணையன்று; ஆய்வுக்கூடம்!

ஆனால், அறிவியல் ஆசிரியர் இல்லாத குறையை அவரைப் பந்தலால் மறைக்காதீர்! நுண்ணோக்கி கேட்டால் அரிவாளை நீட்டாதீர்! 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரை பயிலும் பிள்ளைகளைப் பத்து நாள் புத்தகப் பையின்றித் தச்சரிடமும் தோட்டக்காரரிடமும் குயவரிடமும் அனுப்பச் சொல்கிறது. பட்டணத்துச் சீமான் மகனுக்கு அது பத்து நாள் பொழுதுபோக்கு. குயவர் மகனுக்கோ, பாட்டன் சிறைப்பட்ட அதே கூண்டின் வாசல்! பழைய கள், புதிய மொந்தை!

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளித் தோட்டத்தைச் சென்று பாருங்கள். பாத்திகளை மட்டும் எண்ணாதீர், ஆசிரியர்களையும் எண்ணுங்கள். நிலமுடையான் மகனும் நிலமற்றவன் மகனும் ஒரே வரிசையில் குனிகிறார்களா என்று நோக்குங்கள். குனிந்தால், நீர் ஊற்றுங்கள். குனிபவன் ஏழை மகன் மட்டுமே என்றால், வேலியைப் பிடுங்குங்கள்!