நாய்க்கு மாத்திரை, கூடவே ஒரு கோப்பை பால்

எல்லக்கு வர்றவங்க ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுத்தா அதுல ஒரு தோட்டத்து நாயும் எப்படியோ விழுந்துரும். அந்த நாய்க்குக் காய்ச்சல் வந்தா என்ன நடக்கும்னு படத்தில தெரியாது.

எங்க லயத்து நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தப்போ டொக்சிசைக்ளின் கொடுத்தாங்க. கசக்கும்னு அம்மா அதைப் பாலில் கரைச்சு ஊத்தினாங்க. பாசம்தான். ஆனா பாலில் இருக்கிற கல்சியம் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளோட ஒட்டிக்கொள்ளும். குடல் உறிஞ்சுற அளவு குறைஞ்சிரும். இரும்புச்சத்து டொனிக்கும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற மருந்தும் இதே வேலையைத்தான் பார்க்கும். அதோட, நாய் ரெண்டு நாள்ல சோறு தின்ன ஆரம்பிச்சதும் மாத்திரையை நிப்பாட்டிட்டோம். எர்லிக்கியா என்கிற கிருமியால வர்ற உண்ணிக் காய்ச்சலுக்கு நாலு வாரம் வரைக்கும் கொடுக்கணும். மிச்சத்தை அடுத்த நாய்க்கு எடுத்து வச்சோம், கேட்கவா வேணும்!

பூனைக்கு இதே மாத்திரையைத் தண்ணி இல்லாம விழுங்க வச்சா உணவுக்குழாயில சிக்கிப் புண்ணாக்கிரும். பனடோல் அதைவிட மோசம். பரசிட்டமோலை உடைச்சு வெளியேற்றுற வசதி பூனையோட ஈரலில் மிகக் குறைவு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமப் போகும். முரசு நீலமாவோ பழுப்பாவோ மாறும், முகம் வீங்கும். அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். "மனுசனுக்கு ஆகுறது பூனைக்கு ஆகாதா?" என்று கேட்கிறவங்களுக்கு என் பதில்: ஆகாது.

இதுக்கெல்லாம் அறியாமைனு பேர் வைக்கிறது எனக்குப் பிடிக்கல. மிருக வைத்தியரிடம் போகணும்னா நாயைத் தூக்கிட்டு டவுனுக்கு இறங்கணும். பஸ்ஸில ஏத்த மாட்டாங்க, த்ரீவீலுக்குக் காசு வேணும், அன்னைக்குப் பேரும் போயிரும். அப்போ பக்கத்து வீட்டு மிச்ச மாத்திரைதான் வைத்தியம். மாட்டுக்கு ஊசி போட்டாலும் இதே கதைதான். எத்தனை நாள் பாலை விற்கக் கூடாதுனு யாராவது தெளிவாச் சொன்னாத்தானே தெரியும்? சொல்லலைன்னா அந்தப் பால் நம்ம தேத்தண்ணிக்கே வந்து சேரும்.

தமிழ் 1987ல அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோட அரச கரும மொழியாச்சு. எங்க நாயோட மருந்துப் பக்கெட்டில ஆங்கிலத்தில 'பி.டி.' என்று ரெண்டு எழுத்துதான் இருந்துச்சு. ஒரு நாளைக்கு ரெண்டு தரம்னு அர்த்தமாம். 'காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு, பால் வேண்டாம், முடியும் வரை கொடுங்க' என்று தமிழில் எழுத எவ்வளவு நேரமாகும்? அம்மா அந்தப் பக்கெட்டை இன்னும் சாமிப் படத்துக்குப் பின்னாலதான் செருகி வச்சிருக்காங்க, உள்ளே ஆறு மாத்திரையோட.