கல்யாணத்துக்குக் கூடுகிறோம், கணக்குப் பாடத்துக்கு?

வீட்டில் ஒரு கல்யாணம் என்றால் நாம் எத்தனை முறை கூடுகிறோம்! பெரியத்தா வர வேண்டும், தாய்மாமா வர வேண்டும். எத்தனை சஹன் சோறு, யார் யாருக்கு நேரில் போய்ச் சொல்வது என்று நள்ளிரவு வரை மஷூரா நடக்கிறது. சவூதியில் இருப்பவரையும் போனில் பிடித்து யோசனை கேட்கிறோம். அதே வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனுக்காக என்றைக்காவது கூடியிருக்கிறோமா?

கூடுகிறோம், மதிப்பெண் அட்டை வந்த அன்று! அது மஷூரா அல்ல, விசாரணை. அத்தா போனில் கத்துவார். அம்மா அழுவார். மாமா பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டுவார். எந்தப் பாடத்தில் எந்த இடம் புரியவில்லை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் இதைச் செய்தவன்தான். மேடையில் கல்வியின் சிறப்பைப் பேசிவிட்டு வந்து, வீட்டில் நீதிபதியாக உட்கார்ந்தவன்.

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் தோல்வி என்று நிறுத்தி வைப்பதில்லை. அதை நான் குறை சொல்லவில்லை, ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் தங்கியது அதனால்தான். ஆனால் ஆறாம் வகுப்பில் பின்னம் புரியாதவன் அப்படியே ஏழுக்கும் எட்டுக்கும் போய்விடுகிறான். ஒன்பதில் இயற்கணிதம் வந்து நிற்கும்போதுதான் வீட்டுக்குத் தெரிகிறது. உடனே என்ன முடிவு? "இவனுக்குப் படிப்பு ஏறாது, பாஸ்போர்ட் எடுங்க." மூன்று வருடத்துக்கு முன்பே உட்கார்ந்து கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்காக ஒரு பையனின் படிப்பையே முடித்துவிடுகிறோம்.

"எங்களுக்குப் படிப்பு தெரியாதே ஹஜ்ரத், உட்கார்ந்து என்ன செய்றது?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மதரஸாவில் ஓதியவர்களுக்குத் 'தக்ரார்' தெரியும். உஸ்தாத் பாடம் நடத்திவிட்டுப் போன பிறகு மாணவர்கள் வட்டமாக உட்காருவோம். ஒருவர் அந்தப் பாடத்தை மற்றவர்களுக்குத் திரும்பச் சொல்வார். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் பாடம் விளங்கவில்லை என்று அவருக்கே தெரிந்துவிடும். கேட்பவருக்குப் பொறுமை இருந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத நன்னிகூட இதைச் செய்யலாம்! "இந்த வாரம் என்ன நடத்துனாங்க, எனக்குச் சொல்லு" என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருந்தால் சரி.

வாரம் ஒரு நாள், அரை மணி நேரம். சவூதி, குவைத், கத்தரில் இருக்கும் அத்தாமார்களுக்கு வெள்ளிக்கிழமை தோது. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு விடுமுறையாகிவிட்டது, அவர்கள் ஞாயிறை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைதான் முதலில் பேச வேண்டும். மதிப்பெண் பேச்சை அன்று எடுக்கக் கூடாது. யார் என்ன செய்வது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்கு வாத்தியாரைப் பார்ப்பது மாமா, ஆங்கிலச் சொற்களைக் கேட்பது அக்கா, இப்படி. அடுத்த வாரம் அந்த நோட்டை வாசித்துத்தான் தொடங்க வேண்டும். வாசிப்பது பிள்ளையாக இருக்கட்டும். பெரியவர்கள் செய்யாமல் விட்டதும் அதில் வரும், கசக்கத்தான் செய்யும்.

என் வீட்டில் முதல் வாரமே கசந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளிடம் அறிவியல் ஏன் ஏறவில்லை என்று கேட்டேன். "படிக்க உட்கார்ற நேரத்துலதானே அத்தா தம்பியை என்கிட்ட விடுறீங்க" என்றாள். மாலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை அந்தச் சிறுவன் அவள் பொறுப்பில் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. மகன்களிடம் இப்படி ஒரு வேலையை நாம் கொடுப்போமா?

தம்பியை மாலையில் அத்தா பார்த்துக்கொள்வது என்று நோட்டில் எழுதினோம். அடுத்த இரண்டு வாரமும் நான் தவறினேன். கூட்டம் இருந்தது என்று சொன்னேன். இரண்டு முறையும் அவள் அந்த வரியை எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்தாள். மூன்றாவது வாரத்திலிருந்து என் கூட்டங்களை இஷாவுக்குப் பின் வைத்துக்கொள்கிறேன்.