டிவி வாங்கும் முன் இன்ச் டேப்பை எடுங்க!



இந்தத் தடவை நான் எழுத எடுத்துக்கிட்ட விஷயம் டிவி. "டிவி பார்க்காதே, படி" என்று அறிவுரை சொல்லப் போறேன்னு நினைத்து நகர்ந்து போயிடாதீங்க. டிவியை எப்படிப் பார்த்து வாங்கணும் என்பதுதான் என் பேச்சு.

2006-ல் இருந்து அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி நம் தெருவில் நிறைய வீட்டில் இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அது பரணில் கிடக்கிறது, இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதம் ஆனது. அதில் இருந்து எந்தத் திண்ணையில் பார்த்தாலும் 43 இன்ச், 55 இன்ச், 4கே என்றுதான் பேச்சு.

எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். அம்மா களையெடுத்த கூலியில் மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணம் 30,000 ரூபாய் கைக்கு வந்திருக்கு. அண்ணனுக்கு 55 இன்ச் 4கே வேணுமாம். குறைகிற பணத்தைத் தவணையில் கட்டிக்கலாமாம். கேம் ஆடணும், படம் பளிச்சுன்னு இருக்கணும் என்பது அவன் கட்சி. என் கட்சி வேறு. அட்டைப்பெட்டி மேலே இருக்கிற எண்ணைப் பார்த்து டிவி வாங்கக் கூடாது. நம் வீட்டை அளந்து பார்த்து வாங்கணும். ஏன் என்று வரிசையாகச் சொல்றேன்.

4கே என்றால் என்ன?

டிவி படம் என்பது புள்ளிக் கோலம் மாதிரி. புள்ளி அதிகமானால் கோலம் நுணுக்கமாக வரும். 4கே திரையில் குறுக்கே 3840 புள்ளி, நெடுக்கே 2160 புள்ளி. பெருக்கினால் 82,94,400. ஃபுல் எச்டி திரையில் 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600. 32 இன்ச் டிவிகளில் அதிகம் பார்க்கும் எச்டி ரெடி என்பது 1366 பெருக்கல் 768, சுமார் பத்தரை லட்சம் புள்ளி.

ஆனால் டிவியில் புள்ளி இருந்தால் மட்டும் போதுமா? உள்ளே வரும் படத்திலும் அத்தனை புள்ளி இருக்கணுமே! எச்டி இல்லாத சாதாரண கேபிள் பாக்ஸில் வருவது எஸ்டி படம். அதில் 720 பெருக்கல் 576, அதாவது 4,14,720 புள்ளிதான். கணக்குப் போட்டுப் பாருங்க. 4கே திரையில் இருப்பது இதைப் போல சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளி வரும், டிவி அதை வைத்து 20 புள்ளியை நிரப்பணும். மீதி 19-ஐ அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து டிவியே உத்தேசமாகப் போட்டுக் கொள்கிறது. அஞ்சு புள்ளிக் கோலத்தை வாசல் முழுக்க இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் புது டிவியில் சீரியல் மங்கலாகத் தெரிகிறது. "இவ்வளவு காசு கொடுத்தும் பழைய டிவி மாதிரி தெளிவா இல்லையே" என்று பாட்டிகள் சொல்வது பொய் இல்லை.

கிராஃப் பேப்பர் சோதனை

இதை நாங்கள் வகுப்பில் செய்து பார்த்தோம். கிராஃப் பேப்பரில் சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். அதைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒவ்வொருத்தராகப் பின்னால் நடந்தோம். சிலருக்கு எட்டடியில், சிலருக்குப் பத்தடியில் சின்னக் கோடெல்லாம் கலந்து வெறும் பச்சைத் தாளாகத் தெரிந்தது. நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு கோணம் வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். அதன்படி ஒரு மில்லிமீட்டர் புள்ளி சுமார் 11 அடி வரை தனியாகத் தெரியும். அரை மில்லிமீட்டர் என்றால் அதில் பாதி தூரம்தான். எங்கள் கிராஃப் கோடு வெளுப்பாக இருந்ததால் கொஞ்சம் முன்னாலேயே மறைந்துவிட்டது.

இந்தக் கணக்கை டிவிக்குப் போடுவோம். 43 இன்ச் டிவியின் அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். ஃபுல் எச்டி என்றால் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளியே கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. 4கே என்றால் ஒரு புள்ளி கால் மில்லிமீட்டர். அந்த நுணுக்கம் முழுசாகத் தெரிய மூணு அடிக்குள் உட்காரணும்! எங்கள் வீட்டில் சுவரில் இருந்து நாங்கள் உட்காரும் பாய் வரை அளந்தேன், ஏழு அடி.

எஸ்டி படம் 43 இன்ச்சில் எப்படி? ஒரு புள்ளி 1.3 மில்லிமீட்டர் ஆகிவிடும். அந்த மங்கல் தெரியாமல் இருக்கணும் என்றால் சுமார் 15 அடி தள்ளி உட்காரணும். எங்கள் வீட்டில் 15 அடி தள்ளினால் தெருவில்தான் உட்காரணும். அதே எஸ்டி படம் 14 இன்ச் டிவியில் நாலரை அடியைத் தாண்டினாலே தெளிவாக இருக்கும். பாட்டி சொன்னதற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

இன்னொரு விஷயம். இந்தச் சோதனையில் ஒருத்திக்கு நாலு அடியிலேயே கோடெல்லாம் கலந்துவிட்டது. அதுவரை அவள் டிவி கிட்டே போய் உட்காருவது கெட்ட பழக்கம் என்றுதான் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறாள். டீச்சர் அவளைக் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டிலும் யாராவது டிவியை ஒட்டி உட்கார்ந்தால் திட்டாதீங்க. முதலில் கண்ணைக் காட்டுங்க.

கேம் ஆடத் தெரிந்தவர்கள் என்ன பார்க்கணும்?

கேம் என்றாலே பையன்கள் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். நாங்களும் ஆடுவோம். அதனால் எனக்கும் இதில் சொல்ல உரிமை உண்டு.

கேமுக்கு முக்கியம் 4கே இல்லை, தாமதம். பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அது நடப்பதற்கும் நடுவில் டிவி கொஞ்சம் நேரம் எடுத்துக் கொள்ளும். படத்தை மெருகேற்றும் வேலையெல்லாம் உள்ளே நடப்பதால் வரும் தாமதம் அது. ஒரு டிவி செகண்டில் பத்தில் ஒரு பங்கு தாமதம் செய்கிறது என்று வைத்துக்குவோம். கிரிக்கெட்டில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதற்குள் கிட்டத்தட்ட 4 மீட்டர் நகர்ந்துவிடும்! நாம் மட்டையை வீசும்போது ஸ்டம்ப் போயிருக்கும். இதைக் குறைக்கத்தான் 'கேம் மோடு' என்று ஒன்று இருக்கிறது. அது இருக்கிறதா, போட்டால் தாமதம் எவ்வளவு என்று கேட்கணும். ஃபோனில் ஆடுவதை வைஃபை வழியாக டிவியில் காட்டினால் தாமதம் இன்னும் கூடும்.

அடுத்தது ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரை செகண்டுக்கு 60 தடவை படத்தை மாற்றும், 120 ஹெர்ட்ஸ் 120 தடவை. ஓடுகிற படம் 120-ல் வழவழப்பாக இருக்கும். ஆனால் 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் முழுசாகக் கொண்டுவர எச்டிஎம்ஐ 2.1 வசதி டிவியிலும் வேணும், அதை அனுப்பும் பிளேஸ்டேஷன் 5 மாதிரி பெட்டியும் வேணும். அந்தப் பெட்டி 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோதே விலை 49,990 ரூபாய். எங்கண்ணன் பழைய விலைக்கு வாங்க நினைப்பது பிளேஸ்டேஷன் 4. 2013-ல் வந்த அந்தப் பெட்டியில் கேம் அதிகபட்சம் ஃபுல் எச்டிதான், அதுவும் 60-க்கு மேல் போகாது. அப்புறம் எதற்கு 120 ஹெர்ட்ஸ் டிவிக்குத் தவணை கட்டணும்? சில டிவி விளம்பரத்தில் 'மோஷன்' என்று போட்டுப் பெரிய எண் எழுதியிருப்பார்கள். அதை நம்பாமல், பேனல் உண்மையில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேளுங்க.

அம்மா உட்காரும் இடம்

கடையில் நாம் நின்றுகொண்டு நேராகப் பார்க்கிறோம். வீட்டில் அப்படியா? நாங்கள் பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்போம். அம்மா அடுப்படி வாசலில் காய் அரிந்துகொண்டே பக்கவாட்டில் இருந்து பார்ப்பார். அதனால் பேனல் என்ன வகை என்று தெரிந்துகொள்வது அவசியம். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், ராத்திரிக் காட்சி அழகாகத் தெரியும். ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் பேனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் அடிக்கும், ஆனால் பக்கத்தில் இருந்தும் நிறம் மாறாது. ஓஎல்இடி இரண்டிலும் நல்லது, ஆனால் அதன் விலை நம் சீட்டுப் பணத்துக்கு எட்டாது.

அண்ணன் நேரா உட்கார்ந்து கேம் ஆடுவான், அவனுக்கு எந்தப் பேனலும் சரி. ஆனால் காசு கொடுத்தவர் அம்மா. கொடுத்தவர் உட்காரும் மூலையில் இருந்து படம் வெளுத்துப் போனால் அது என்ன நியாயம்? அம்மாவிடம் "உனக்கு என்ன டிவி வேணும்" என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "நான் உட்காருற இடத்துல இருந்து முகம் தெரிஞ்சா போதும்" என்றார். கடைக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்பேன்.

எல்லாரும் சொல்லும் பதில்

"நாளைக்கு எல்லாமே 4கேயில் வரும், இப்பவே வாங்கிப் போட்டா நல்லதுதானே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். இப்போது 43 இன்ச்சுக்கு மேல் போனால் பெரும்பாலும் 4கேதான் கிடைக்கிறது. கிடைத்தால் வாங்கிக்கலாம், தப்பில்லை. அந்த எண்ணுக்காகக் கூடுதல் கடன் வாங்குவதுதான் தப்பு. அதே விலையில் இரண்டு 4கே இருந்தால் வெளிச்சம், பேனல், கேம் மோடு, பக்கத்து ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்க. எச்டிஆர் என்று எழுதியிருந்தாலும் அப்படித்தான். திரைக்குப் போதிய வெளிச்சம் இல்லாவிட்டால் அந்த எழுத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை.

கடைக்குப் போகிறவர்கள் இதை நோட்டில் எழுதிக்கோங்க:

1. உட்காரும் இடத்துக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று அளந்து எழுதிப் போங்க.

2. கடையில் ஓடும் பூவும் மீனும் 4கேயில் எடுத்த விளம்பரப் படம். வெளிச்சமும் அதிகமாக வைத்திருப்பார்கள். 'ஸ்டாண்டர்டு' என்று மாற்றச் சொல்லுங்க. நாம் வழக்கமாகப் பார்க்கும் படம் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்க.

3. எஸ்டி சேனல் ஒன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

4. பக்கவாட்டில் நின்றும், குத்துக்கால் போட்டு உட்கார்ந்தும் பாருங்க. யார் சிரித்தாலும் பரவாயில்லை.

5. எச்டிஎம்ஐ துளை எத்தனை, எந்த வகை என்று எண்ணுங்க. கேபிள் பாக்ஸுக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று வேணும்.

6. தவணை என்றால் மொத்தம் எவ்வளவு கட்டணும் என்று கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

7. வீட்டில் எல்லாரையும் கூட்டிப் போங்க. முக்கியமாக, பணம் யாருடையதோ அவரை.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது டிவி கடைக்கும் பொருந்தும். எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகலை. அண்ணன் 55-ல் நிற்கிறான். நான் கையில் இருக்கும் பணத்துக்குள், பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத, கேம் மோடு உள்ள 43 இன்ச்சில் நிற்கிறேன். அம்மா இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்த நீங்கள் யார் கட்சி? மாற்றுக் கருத்து இருந்தால் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள். சண்டை போடாமல் கணக்கோடு எழுதுங்கள்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி