‘விஇ பண்ணிடலாம்’ என்று யாராவது சொன்னால்



இந்த வார எபிசோடில் கட்டட மாடலிங் மென்பொருள் பற்றிப் பேசினோம். ஒரு பொருளை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று அது நொடியில் சொல்லிவிடும். ஆனா அந்தப் பொருள் அங்கே எதுக்கு இருக்குன்னு அது கேட்காது. அதைக் கேட்கத்தான் வேல்யூ மேனேஜ்மென்ட் வொர்க்‌ஷாப். எபிசோடில் நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

இந்த முறையை 1947-இல் உருவாக்கியவர் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்த லாரன்ஸ் மைல்ஸ். போர்க்காலத் தட்டுப்பாட்டில் கேட்ட பொருள் கிடைக்காதபோது, ‘அது செய்யுற வேலையை வேற எது செய்யும்?’ என்று தேடியவர். இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு: பெயின்ட் சொட்டும் இடத்தில் தரையில் விரிக்க அஸ்பெஸ்டாஸ் கேட்டார்கள், கிடைக்கவில்லை. தரையைக் காக்கணும், தீப்பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. விலை குறைந்த, எரியாத ஒரு தாள் இரண்டையும் செய்தது. விலை இறங்கியது, வேலை கெடவில்லை.

இப்போ லண்டனுக்கு வருவோம். கிரென்ஃபெல் டவர் புதுப்பிப்பில் துத்தநாகப் பலகைகளுக்குப் பதில் பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியப் பலகைகள் வந்தன. மிச்சம் சுமார் 2,93,000 பவுண்டு. 2017 ஜூன் 14 தீயில் 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவ அந்தப் பலகைகளே முதன்மைக் காரணம் என்று விசாரணை ஆணையம் சொன்னது. இதற்கும் ‘வேல்யூ இன்ஜினியரிங்’ என்றுதான் பெயர். என்னைக் கேட்டால் அது வெறும் விலைக்குறைப்பு. மைல்ஸ் கேட்ட கேள்வி அங்கே இல்லை.

சரி, வொர்க்‌ஷாப் உருப்பட என்ன வேணும்?

முதலில், நேரம். டிசைன் இறுகுவதற்கு முன் கூட்டணும். டெண்டர் விலை எகிறிய பிறகு கூட்டினால் வெட்டுவது மட்டுமே மிஞ்சும்.

அடுத்து, ஆட்கள். க்யூஎஸ், ஆர்க்கிடெக்ட் மட்டும் போதாது. தீப் பாதுகாப்புப் பொறியாளர், நாளைக்குக் கட்டடத்தைப் பராமரிக்கப் போகிறவர், முடிவெடுக்க அதிகாரமுள்ள கிளையன்ட் எல்லாரும் மேசையில் இருக்கணும். நடத்துபவர் திட்டக்குழுவுக்கு வெளியே இருந்து வந்தால் நல்லது. சொந்த டிசைனுக்கு அவர் வக்காலத்து வாங்க மாட்டார்.

மூன்றாவது, வரிசை. விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு பகுதியின் வேலையையும் சுருக்கமா எழுதுங்க: மழையைத் தடுப்பது, சூட்டைக் காப்பது, தீயைப் பரப்பாதது. யோசனைகளைக் கொட்டும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. எடைபோடுவது அதுக்கு அப்புறம்.

கடைசியாக, பெயர். ஏற்ற ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. இல்லேன்னா அறிக்கை அலமாரியில் தூங்கும்.

என் கட்சி இதுதான்: மிச்சத் தொகைக்குப் பக்கத்தில் ‘என்ன வேலை, அது இன்னும் நடக்குமா, யார் சோதித்தது’ என்ற மூன்றும் எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீங்க. அதைக் கேட்க அரை மணி நேரம் கூடுதலாகலாம். ஆகட்டும்.

உங்க சைட்டில் ‘விஇ’ என்றால் என்ன அர்த்தம்? பதில் எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.