கோப்பை கசப்பாகவே இருக்கட்டும்

சாது கொச்சுகுஞ்ஞு உபதேசியின் ‘துக்கத்தின்றெ பானபாத்ரம்’ (துயரத்தின் கோப்பை) என்ற மலையாளக் கிறிஸ்தவப் பாட்டை இப்போது எலக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடுகிறார்கள். திருவனந்தபுரத்தில் இளைஞர் கூட்டம் எதற்குப் போனாலும் இந்த மாதிரி ஒரு பாட்டாவது காதில் விழும். பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நமக்கு வாத்தியத்தோடு சண்டை இல்லை. ஜீசஸ் யூத் இயக்கத்தில் பிறந்த ரெக்ஸ் பேண்ட், கேரளத்து ராக் இசையை உலக இளைஞர் தின மேடைகள் வரை கொண்டுபோனது. பிள்ளைகளுக்குப் பிடித்த வாத்தியத்தில் பழைய பாட்டு உயிரோடு இருப்பது நல்ல காரியம்தான்.

நம் மனக்குறை வேறு. பல்லவி முழங்குகிறது, கைகள் உயர்கின்றன, செல்பேசி விளக்குகள் ஆடுகின்றன. துயரத்தை விவரிக்கும் சரணங்கள் வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.

அந்தச் சரணங்களுக்காகத்தான் அந்தப் பாட்டே பிறந்தது. கொச்சுகுஞ்ஞு 1883இல் இடயாறன்முளையில் பிறந்தவர், மார்த்தோமா சபைக்காரர். குருப்பட்டம் பெறாத உபதேசி. ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கித்தவர், 1945இல் மறையும்வரை பாட்டும் எழுதிக்கொண்டிருந்தவர். அவருடைய மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனான். அந்தச் சாவில் எழுதிய பாட்டு இது என்று சபைகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன. கெத்செமனே தோட்டத்தில் இயேசு தம்மைவிட்டு நீங்கும்படி வேண்டிக்கொண்ட பாத்திரத்தை, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறான். அதற்குள் இருப்பது கசப்புதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தன் பாட்டுத் தொகுப்புக்கு உபதேசி ‘ஆசுவாச கீதங்கள்’ என்று பெயர் வைத்தார். அழுதவன் அழுகிறவனுக்குச் சொன்ன ஆறுதல் அது. கசப்பை வடிகட்டிவிட்டு ஆறுதலை மட்டும் ஊற்றிக் கொடுத்தால், துக்கத்தில் இருப்பவனுக்கு அதனால் என்ன பயன்?

வோல்பிரெக்ட் நாகலின் ‘சமயமாம் ரதத்தில்’ பாட்டுக்கும் இதே கதி வந்துவிடக் கூடாது. 1893இல் கேரளம் வந்த அந்த ஜெர்மானிய மிஷனரி மலையாளம் கற்று, மலையாளத்திலேயே எழுதினார். 1914இல் ஊருக்குப் போனவரை உலகப் போர் திரும்பி வரவிடவில்லை. 1921இல் அங்கேயே இறந்தார். கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பிணம் எடுக்கும்போது பாடுவது அவர் பாட்டைத்தான். 1970இல் ‘அரநாழிக நேரம்’ படத்தில் வந்த பிறகு எல்லா மதத்தாருக்கும் அது தெரிந்த பாட்டாயிற்று. எழுதியவர் பெயர் மட்டும் தெரியாமல் போயிற்று.

நம் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். நெய்யாற்றின்கரைக்கு அருகில் திருப்புறத்தில் 1847இல் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார். லண்டன் மிஷனில் ஊழியம் செய்து 1916இல் மறைந்தவர். ‘நின்றெ ஹிதம் போலே’ அவர் எழுதியது. தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் புழங்கிய தென் திருவிதாங்கூரில் கீர்த்தனைகள் எல்லை பார்த்து நின்றதில்லை. 1956இல் மொழிவாரி மாநில எல்லைக் கோடு கிழித்தபோது தாலுகாக்கள் பிரிந்தன. இரண்டு மொழி இலக்கிய வரலாறுகளும் இந்தப் பாட்டுக்காரர்களை அடுத்த வீட்டுப் பிள்ளைகள் என்று விட்டுவிட்டன. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளைக்காவது ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தின் தயவில் ஒரு பத்தி கிடைக்கிறது. காப்பியம் எழுதாதவர்களுக்கு அதுவும் இல்லை. ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கானோர் மனப்பாடமாகப் பாடும் வரிகள் கவிதையில் சேராது என்றால், அந்த அளவுகோலைத்தான் நாம் சந்தேகிக்க வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துப் பெண்கள் நாட்கணக்கில் கரையில் நின்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் அப்படியே. கிடைத்த உடல்களில் பலவற்றை டி.என்.ஏ. பரிசோதனை செய்துதான் அடையாளம் காண முடிந்தது. உடலே கிடைக்காத வீடுகளும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் போய் வெற்றிப் பாட்டு பாட யாருக்கு நா எழும்? உபதேசியின் பாட்டை அங்கே பாடலாம். பாடுகிறவன் முதலில் அந்த வீட்டுத் திண்ணையில் உட்காருகிறான். நம்பிக்கையைப் பிறகுதான் பேசுகிறான்.

ஆகையால் இசைக்குழுத் தம்பி தங்கைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கிட்டாரை எவ்வளவு வேண்டுமானாலும் முழக்குங்கள், ஆனால் சரணங்களை விடாதீர்கள். பாடுவதற்கு முன் எழுதியவர் பெயரையும், அவர் எந்தத் துயரத்தில் எழுதினார் என்பதையும் ஒரு நிமிடம் சொல்லுங்கள்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் பழைய கீர்த்தனைப் புத்தகங்கள், பாட்டிமார் கையால் எழுதிவைத்த பாட்டு நோட்டுகள் இன்னமும் இருக்கும். அட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. இதழ் முகவரிக்குத் தகவல் அனுப்புங்கள். நாங்களே வந்து படி எடுத்துக்கொண்டு, கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம்.