பன்றி வாயில் நாணயம்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ‘புதுச் சந்தை’ என்றொரு தூண் மண்டபம் இருக்கிறது. 1551இல் கட்டி முடித்தது. முன்பு பட்டு விற்ற இடம், பிறகு வைக்கோல் தொப்பி, இப்போது தோல் பைகள். அதன் ஓரத்தில் ஒரு வெண்கலக் காட்டுப்பன்றி அமர்ந்திருக்கிறது. பழைய சலவைக்கல் சிலை ஒன்றைப் பார்த்து, 17ஆம் நூற்றாண்டில் பியெத்ரோ தாக்கா என்ற சிற்பி வார்த்தது. சந்தை வியாபாரிகளுக்குத் தண்ணீர் தரும் ஊற்றாகவும் அது பயன்பட்டது. இன்று சந்தையில் இருப்பது பிரதி. தாக்கா வார்த்த சிலை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இதைக் கிரேக்கப் புராணத்தின் கலிடோன் பன்றியோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. அறுவடைப் படையலில் ஆர்ட்டெமிஸ் தேவதைக்கு உரியதைக் கொடுக்க ஓர் அரசன் மறந்துவிட்டான். அவள் ஏவிய பன்றி வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் துவம்சம் செய்தது. ஒரு பாக்கி நின்றதால் வந்த வினை! அந்தப் பன்றியின் சாயல்தான் இன்று அதிர்ஷ்டச் சின்னம். வருவோர் தடவித் தடவி மூக்கு பொன்னாக மின்னுகிறது. வாயில் வைக்கும் காசு நழுவிக் கீழேயுள்ள கம்பிச் சட்டத்துக்குள் விழுந்தால் யோகமாம். அந்தக் காசு தர்ம காரியத்துக்குப் போகிறது. அதுவரை நமக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் வணிகர்களான நாம் பார்க்க வேண்டியது அதே மண்டபத்தின் நடுவில், தரையில் பதித்த வட்டக் கல். கடனைத் திருப்பித் தர முடியாத வியாபாரியின் கால்சட்டையை அவிழ்த்து, ஊரார் முன்னிலையில், அந்தக் கல்லில் பின்புறம் மோத அடித்தார்கள். நம் பக்கத்து மஞ்சள் கடுதாசி எவ்வளவோ மேல்.

காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு, பன்றி கேட்பது எந்த நாணயம், கல் கேட்டது எந்த நாணயம் என்று விளக்க வேண்டியதில்லை. கடை நிலைப்பது இரண்டாவதால்தான் என்பதே நம் கருத்து. எனினும் அந்தத் தண்டனையை நாம் ஏற்கவில்லை. சரக்கெடுத்து ஏமாற்றியவனும், வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே நொடித்த பலசரக்குக் கடைக்காரரும் ஒன்றல்ல. இருவரையும் ஒரே கல்லில் உட்கார வைத்தது அநியாயம். பேரேட்டைப் புரட்டினாலே வித்தியாசம் தெரிந்திருக்கும்.

பன்றியைச் சுற்றி எப்போதும் கூட்டம். கல்லைப் பகலில் கடைகள் மறைத்துவிடும். பார்க்க விரும்புவோர் கடை அடைத்த பிறகு போக வேண்டும்.